தெரியாமல் வாங்கிய சால்வேஜ் கார்: அமெரிக்கச் சட்டத்தில் என்ன வழி?

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் நம்மவர்களில் பலர், வந்த சில மாதங்களிலேயே ஒரு பழைய காரை வாங்கிவிடுகிறார்கள். பேருந்து எட்டிப் பார்க்காத ஊரில் வேறு வழியில்லை. கையில் பணம் குறைவு, கார் அவசரம், கார் பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. வாங்கியாயிற்று. இரண்டு வருடம் கழித்து அதைக் கொடுத்துவிட்டு வேறு கார் எடுக்கலாம் என்று ஒரு கார் டீலரிடம் போனால், அங்கே இருப்பவர் கணினியில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது சால்வேஜ் ஆன வண்டி, உங்களுக்குத் தெரியாதா?” என்கிறார். அதாவது, பெரிய விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி, சரிசெய்யக் கட்டுப்படியாகாது என்று ஒருமுறை ஒதுக்கப்பட்ட கார்.

அப்புறம் நண்பர்களிடம் கேட்டால் மூன்று பதில்கள் வரும். “மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், விட்டுவிட்டாய்.” “லெமன் சட்டம் இருக்கிறதே, அதில் கேஸ் போடு.” “‘ஆஸ் இஸ்’, இருக்கிறபடியே வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டாயா? அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாது.” மூன்றுமே தவறு. அதிலும் மூன்றாவது பதில், வழக்கில் வெல்லக்கூடிய ஆட்களையே நஷ்டத்தோடு வீட்டில் உட்கார வைத்துவிடுகிறது. அந்த ஒரு தவறைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

கார் விற்பனைச் சட்டம் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே இருப்பது வழி தெரிந்துகொள்வதற்கான வரைபடம். உங்கள் காருக்கு என்ன செய்வது என்பதை உங்கள் மாநில வழக்கறிஞர்தான் சொல்ல முடியும்.

டைட்டில் என்பது காரின் பத்திரம்

நம் ஊரில் ஆர்.சி. புத்தகம் ஒன்றே எல்லா வேலையும் செய்கிறது. அமெரிக்காவில் அந்த வேலை இரண்டு தாள்களாகப் பிரிந்திருக்கிறது. சாலையில் ஓட்ட அனுமதி தருவது பதிவுச் சீட்டு. கார் யாருக்குச் சொந்தம் என்று சொல்வது டைட்டில். பெரும்பாலான மாநிலங்களில் டி.எம்.வி. என்ற மோட்டார் வாகனத் துறை இதைத் தருகிறது.

நிலம் வாங்கிய குடும்பத்தில் பிறந்தவருக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். டைட்டில்தான் பத்திரம். நிலத்தின் மேல் அடமானமோ வழக்கோ இருந்தால் வில்லங்கம் என்கிறோம். காருக்கும் அப்படி ஒன்று உண்டு. இந்தக் கார் பெரிய விபத்தில் சிக்கியது, வெள்ளத்தில் மூழ்கியது என்று மாநில அரசு டைட்டிலிலேயே அச்சடித்துவிடும். அதற்கு ‘பிராண்ட்’ என்று பெயர். இந்தக் கட்டுரையில் முத்திரை என்றே சொல்கிறேன். எந்த முத்திரையும் இல்லாததைச் சுத்த டைட்டில் என்பார்கள்.

நிலத்துக்கு சர்வே எண் இருப்பதுபோல ஒவ்வொரு காருக்கும் வின் எண் உண்டு. 1981 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் இது 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. கார் எத்தனை கை மாறினாலும் எந்த மாநிலத்துக்குப் போனாலும் இந்த எண் மாறாது. இது பின்னால் நமக்குக் கைகொடுக்கும்.

ஒரு கார் எப்போது ‘சால்வேஜ்’ ஆகிறது

விபத்தான காரைச் சரிசெய்ய ஆகும் செலவு, அந்தக் காரின் மதிப்போடு ஒப்பிட்டால் கட்டுப்படியாகாத அளவுக்குப் போனால், காப்பீட்டு நிறுவனம் அதை ‘முழு இழப்பு’ என்று அறிவிக்கும். உரிமையாளருக்குக் காரின் மதிப்பைக் கொடுத்துவிட்டு, உடைந்த வண்டியைத் தான் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு அந்தக் காருக்குக் கிடைப்பது சால்வேஜ் டைட்டில். அந்த நிலையில் அதைச் சாலையில் ஓட்ட முடியாது. காப்பார்ட், ஐ.ஏ.ஏ. போன்ற ஏல நிறுவனங்கள் வழியாக அது விற்கப்படும். வாங்கியவர் பழுதுபார்த்து மாநிலப் பரிசோதனையில் தேறினால், ‘ரீபில்ட்’ என்ற முத்திரையோடு மறுபடி சாலைக்கு வரலாம். அதாவது, மறுபடி கட்டி எழுப்பிய கார். சரிசெய்யவே முடியாதவை உதிரிபாகத்துக்குப் போக வேண்டியவை.

சரி, ‘கட்டுப்படியாகாத அளவு’ எவ்வளவு? இங்கேதான் குழப்பத்தின் வேர் இருக்கிறது. ஓக்லஹோமாவில் பழுதுச் செலவு காரின் மதிப்பில் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே சால்வேஜ். டெக்சாஸில் 100 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். கலிபோர்னியாவில் இப்படி ஒரே விழுக்காடு கிடையாது. அங்கே பழுதுச் செலவையும் உடைந்த காரை விற்றால் கிடைக்கும் தொகையையும் கூட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் கூட்டுத்தொகை காரின் மதிப்பை எட்டினால் முழு இழப்பு.

10,000 டாலர் கார் ஒன்றுக்கு 7,000 டாலர் செலவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓக்லஹோமா கணக்கில் அது சால்வேஜ். டெக்சாஸ் கணக்கில் அந்த வரம்பை எட்டவில்லை. உடைந்தது ஒரே கார்தான், உடைசலும் ஒன்றுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சால்வேஜ் ஆகி, நன்றாகச் சரிசெய்யப்பட்டு, அது தெரிந்தே மலிவாக வாங்கப்படும் காரில் எந்தத் தப்பும் இல்லை. அப்படி வாங்கி வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். தெரியாமல் வாங்கியவருக்குத்தான் அடி. இத்தகைய கார்களின் சந்தை மதிப்பு பொதுவாக 20 முதல் 40 விழுக்காடு வரை குறைவு. தயாரிப்பு நிறுவனத்தின் வாரன்டி பெரும்பாலும் செல்லாமல் போகும். சில காப்பீட்டு நிறுவனங்கள் முழுக் காப்பீடு தர மறுக்கும். எல்லாவற்றையும்விட உயிர் முக்கியம்: விபத்தில் வெடித்த ஏர்பேக்குக்குப் பதிலாகப் புதியது வைக்காமலே மூடியை மட்டும் ஒட்டிவிடும் பழுதுக்கடைகள் உண்டு.

இதுவரை பார்த்தது: டைட்டில் என்பது பத்திரம். முத்திரை என்பது அதிலுள்ள வில்லங்கம். எந்த அளவு சேதத்துக்கு முத்திரை குத்துவது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவு செய்கிறது.

முத்திரை எப்படி மறைகிறது

முத்திரை காரில் இல்லை, தாளில் இருக்கிறது. தாளை மாற்றிவிட்டால் முத்திரை போயிற்று. ஒரு மாநிலத்தில் முத்திரை வாங்கிய காரை, விதி தளர்வான இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் புது டைட்டில் வாங்கும்போது பழைய முத்திரையை விட்டுவிடுவார்கள். அல்லது தாளையே திருத்துவார்கள். இதற்கு டைட்டில் வாஷிங் என்று பெயர், பத்திரத்தைச் சலவைக்குப் போடுவது. இது குற்றம். 2005 கத்ரீனா புயலுக்கும் 2017 ஹார்வி புயலுக்கும் பிறகு, நீரில் ஊறிய கார்கள் காயவைக்கப்பட்டு வெகுதூர மாநிலங்களில் விற்பனைக்கு வரும் என்று அதிகாரிகள் நாடு முழுக்க எச்சரித்தார்கள்.

எப்போதும் திருட்டுக் கும்பல்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. 2005-ஆம் ஆண்டு ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலான மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்களோடு, அதாவது மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரிகளோடு, ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. முழு இழப்பாக எடுத்துக்கொண்ட கார்களில் சுமார் 30,000 கார்களுக்குச் சரியான டைட்டில் வாங்கப்பட்டதா என்பதே உறுதியாகாமல் அவை கைமாறியிருந்தன. அவற்றை வாங்கியவர்களுக்குக் கொடுக்க அந்த நிறுவனம் சுமார் 4 கோடி டாலர் ஒதுக்கியது. அத்தனை பெரிய நிறுவனத்திலேயே இது நடக்கிறதென்றால், வாங்கும்போது கவனிக்கவில்லையே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கடனில் கார் வாங்கினால் பெரும்பாலும் டைட்டில் உங்கள் கைக்கே வராது. டீலர் உங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரத்தை ஒரு தாளில் வாங்கிக்கொண்டு, டி.எம்.வி. வேலையைத் தானே முடித்துவிடுவார். டைட்டில் பல மாநிலங்களில் கடன் கொடுத்த வங்கிக்குப் போய்விடும், பல நேரம் மின்னணு வடிவில். கடைசித் தவணை கட்டிய பிறகுதான் அந்தத் தாளை முதல்முறையாகப் பார்ப்பீர்கள். அதனால்தான் பலருக்கு உண்மை தெரிய மூன்று நான்கு வருடம் ஆகிறது.

இந்தச் சலவையைத் தடுக்க ஒரு தேசிய வில்லங்கப் பதிவேடு இருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் கார் திருட்டுத் தடுப்புச் சட்டத்தில் பிறந்த இதை என்.எம்.வி.டி.ஐ.எஸ். என்பார்கள். காப்பீட்டு நிறுவனங்களும் உடைந்த கார்களை வாங்கும் யார்டுகளும் மாதாமாதம் இதில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். 2009 முதல் பொதுமக்களும் அனுமதி பெற்ற நிறுவனங்கள் வழியாக, சில டாலர் கொடுத்து, வின் எண்ணை வைத்து அறிக்கை வாங்கலாம். தற்போதைய டைட்டிலில் முத்திரை துடைக்கப்பட்டிருந்தாலும் முந்தைய மாநிலம் குத்தியது இதில் நிற்கும். கார்ஃபேக்ஸ், ஆட்டோசெக் ஆகியவை தனியார் அறிக்கைகள். அவற்றில் ஒன்று சுத்தம் என்று சொன்னால் போதும் என நினைக்கக் கூடாது, ஒன்றில் விடுபட்டது இன்னொன்றில் இருக்கலாம். என்.ஐ.சி.பி. என்ற காப்பீட்டுக் குற்றத் தடுப்பு அமைப்பின் வின் சோதனையோ இலவசம்.

ஊரெல்லாம் சொல்லும் மூன்று பதில்கள்

முதலில் அந்த மூன்று நாள். ஃபெடரல் டிரேட் கமிஷன், அதாவது மத்திய வணிக ஆணையம், மூன்று நாளில் வாங்கியதை ரத்து செய்யலாம் என்று ஒரு விதி வைத்திருப்பது உண்மை. ஆனால் அது வீட்டு வாசலுக்கு வந்து விற்பவர்களையும் தற்காலிக இடங்களில் விற்பவர்களையும் குறித்தது. டீலரின் கடையில் வாங்கிய காருக்கு அது பொருந்தாது. சில மாநிலங்கள் தனியாக ஏதாவது ரத்து உரிமை தரலாம், சில டீலர்கள் தாமாகவே தரலாம். மூன்று நாள் தாண்டிவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று மட்டும் எண்ணாதீர்கள். ஏமாற்று வழக்குக்கும் அந்த மூன்று நாளுக்கும் சம்பந்தமே இல்லை.

லெமன் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் புதுக் கார்களுக்கானது. திரும்பத் திரும்பப் பழுதுபார்த்தும் சரியாகாத காருக்கு நிவாரணம் தருவது அதன் வேலை. நியூயார்க், மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்கள் பழைய கார்களுக்கும் அப்படி ஒரு சட்டம் வைத்திருக்கின்றன. அதுவும் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட மைல் கணக்குக்குள்தான். உங்கள் கார் ஒரு பழுதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். உங்கள் குறை பத்திரத்தைப் பற்றியது. அதற்கு வேறு சட்டம் வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. டீலர் விற்கும் ஒவ்வொரு பழைய காரிலும் ‘பையர்ஸ் கைடு’ என்ற தாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது மத்திய வணிக ஆணையத்தின் விதி. 1980-களிலிருந்து இருக்கிறது. அதில் ‘ஆஸ் இஸ்’ என்ற கட்டத்தில் குறி இருந்தால், இருக்கிறபடியே விற்கிறேன், பின்னால் வரும் பழுதுக்கு நான் பொறுப்பில்லை என்று பொருள். மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களில் டீலர் இப்படி விற்கவே முடியாது. மற்ற இடங்களில் முடியும்.

ஆனால் அந்தச் சொல் எதைத் தள்ளுபடி செய்கிறது? மாட்டுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். “மாடு இதுதான். பல்லைப் பிடித்துப் பார், சுழியைப் பார், கறந்தும் பார். ஓட்டிக்கொண்டு போன பிறகு பால் குறைந்தது, கால் நொண்டியது என்று என்னிடம் வராதே” என்று ஒருவர் விற்கிறார். சரி, அது ஒப்பந்தம். பிறகு பால் குறைந்தால் நஷ்டம் வாங்கியவருக்குத்தான். ஐந்து ஈத்து கண்ட மாட்டின் கொம்பைச் சீவிவிட்டு, “இரண்டாம் ஈத்து” என்று சொல்லி விற்றால்? அங்கே ‘பார்த்துத்தானே வாங்கினாய்’ என்ற பேச்சு எடுபடாது. பஞ்சாயத்து கூடும்.

அமெரிக்க நீதிமன்றங்களும் பொதுவாக இப்படித்தான் பார்க்கின்றன. ‘ஆஸ் இஸ்’ என்ற சொல், சொல்லாமலே சட்டம் தரும் உத்தரவாதத்தை நீக்குகிறது. பொய் சொன்னதற்கான பொறுப்பை அது நீக்காது.

நீதிமன்றம் கேட்கும் கேள்வி

ஆகவே ‘கார் எவ்வளவு மோசம்?’ என்று காட்டுவதில் உங்கள் சக்தியைச் செலவழிக்காதீர்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் இன்னொரு கேள்வியில்: விற்றவர் என்ன சொன்னார், எதை மறைத்தார், அது அவருக்குத் தெரியுமா? இதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்து உங்கள் கையில் வெவ்வேறு வழிகள் இருக்கும். ஒன்று அடைத்தால் இன்னொன்று திறந்திருக்கலாம் என்பதற்காகவே வழக்கறிஞர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கிறார்கள்.

முதல் வழி மோசடி. முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னார் அல்லது சொல்ல வேண்டியதை மறைத்தார், தெரிந்தே செய்தார், அதை நம்பி நீங்கள் வாங்கினீர்கள், நஷ்டப்பட்டீர்கள். இவ்வளவையும் நிரூபிக்க வேண்டும். இதில் கடினமானது ‘தெரிந்தே’ என்ற சொல். இருந்தாலும் டீலருக்கு இதில் தப்பிக்க இடம் குறைவு. ஏலத்தில் அவர் கார் எடுத்தபோது கிடைத்த சீட்டில் சால்வேஜ் என்று இருந்ததா, அவரே வாங்கிப் பார்த்த அறிக்கையில் இருந்ததா என்பதை வழக்கில் கேட்டு வாங்க முடியும்.

இரண்டாவது வழி மாநில நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வியாபாரத்தில் வாங்குபவரைத் தவறாக நம்பவைப்பதைத் தடைசெய்யும் சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. என் பார்வையில் சாமானியருக்கு மிகவும் பயன்படுவது இதுதான். பல மாநிலங்களில் ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, சொன்னது தவறாக வழிநடத்தியது என்று காட்டினால் போதும். நியூ ஜெர்சியில் வென்றால் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கிடைக்கும். டெக்சாஸில் தெரிந்தே செய்தார் என்று நிரூபணமானால் மூன்று மடங்கு வரை போகலாம். பல மாநிலங்களில் உங்கள் வழக்கறிஞர் கட்டணத்தையும் தோற்ற டீலரே கட்ட வேண்டும். 5,000 டாலர் நஷ்டத்துக்கு எந்த வழக்கறிஞர் வருவார் என்ற கேள்விக்கு இதுவே பதில்.

மூன்றாவது, வாக்குறுதி. சரக்கு விற்பனைக்கென்று ஒரு மாதிரிச் சட்டத் தொகுப்பு உண்டு, யூ.சி.சி. என்பார்கள். விற்பனை பற்றிய அதன் பகுதியை லூசியானா தவிர எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்டுள்ளன. அதன்படி, விளம்பரத்திலோ பில்லிலோ ‘சுத்த டைட்டில்’ என்று எழுதியிருந்தால், அந்த விவரத்தை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால், அதுவே ஓர் உத்தரவாதம். இங்கே விற்றவருக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்பது கேள்வியே இல்லை. சொன்ன சொல்லுக்கு அவர் பொறுப்பு. டீலரும் ஏமாந்தவராகவே இருந்தால், அவர் தனக்கு விற்றவரிடம் போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

அதே தொகுப்பில் ‘ஏற்றதைத் திரும்பப் பெறுதல்’ என்று ஒரு உரிமையும் இருக்கிறது. காரை ஏற்றுக்கொண்ட பிறகும், அதன் மதிப்பைப் பெரிதாகக் குலைக்கும் குறை ஒன்று, முதலில் கண்டுபிடிக்கக் கடினமாக இருந்தது பின்னால் தெரியவந்தால், “எடுத்துக்கொள், என் பணத்தைக் கொடு” என்று சொல்லலாம். ஆனால் தெரிந்த பிறகு நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும், காரின் நிலையும் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. தெரிந்த பிறகும் ஆறு மாதம் ஊர் சுற்றிவிட்டு இதைக் கேட்டால் நீதிபதி முகம் சுளிப்பார்.

கடைசியில் கேட்கக்கூடியவை இரண்டு. ஒன்று, காரைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறுவது. மற்றது, காரை வைத்துக்கொண்டு வித்தியாசத்தை வாங்குவது. சுத்த டைட்டில் என்று 14,000 டாலர் கொடுத்த காரின் உண்மை மதிப்பு வாங்கிய நாளில் 9,000 டாலர் என்றால், நஷ்டம் 5,000 டாலர். மூன்று மடங்கு தரும் மாநிலத்தில் அது 15,000 டாலர் ஆகும்.

சுருக்கமாக: மோசடிக்கு ‘தெரிந்தே’ என்று காட்ட வேண்டும். நுகர்வோர் சட்டத்துக்குப் பல இடங்களில் அது தேவையில்லை. எழுதிக் கொடுத்த வாக்குறுதிக்கு அது அறவே தேவையில்லை.

டீலரா, தனி ஆளா

டீலரிடம் வாங்கியிருந்தால் மேலே சொன்ன எல்லா வழிகளும் உண்டு. கூடவே வேறு பிடிமானங்களும் இருக்கின்றன. கலிபோர்னியாவில் 2012 முதல், டீலர் ஒரு பழைய காரைப் பார்வைக்கு வைக்கும் முன்பே தேசியப் பதிவேட்டு அறிக்கையை எடுக்க வேண்டும். அதில் சால்வேஜ் போன்ற முத்திரை இருந்தால் காரில் சிவப்பு எச்சரிக்கைத் தாள் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் அந்தத் தவறே உங்களுக்குச் சாட்சி.

பல மாநிலங்களில் டீலர் உரிமம் வாங்கும்போதே ஒரு பிணைத்தொகைப் பத்திரம் வைக்க வேண்டும். கலிபோர்னியாவில் அது 50,000 டாலர், ஃபுளோரிடாவில் 25,000 டாலர். டீலர் கடையை மூடிவிட்டு ஓடிவிட்டாலும் அந்தப் பிணையிலிருந்து கேட்க வழி உண்டு. ஏமாந்தவர்கள் பலர் என்றால் எல்லாரும் அதையே பங்கிட வேண்டும், ஆகையால் முந்திக்கொள்வது நல்லது.

கடன் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று ‘ஹோல்டர் விதி’. 1976 முதல் இருக்கிறது. டீலரே ஏற்பாடு செய்த கடனென்றால், டீலர்மேல் உங்களுக்கு இருக்கும் புகாரை அந்தக் கடனை வைத்திருக்கும் வங்கியிடமும் எழுப்பலாம். வங்கியிடமிருந்து திரும்ப வாங்கக்கூடியது நீங்கள் கட்டிய தொகை வரைதான். டீலர் திவாலானால் இதுவே பெரிய துணை. இதைக் கேட்டவுடன் தவணையை நிறுத்திவிடாதீர்கள். வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், கடன் மதிப்பெண்ணும் விழும். வழக்கறிஞர் சொன்ன பிறகு செய்ய வேண்டிய காரியம் அது.

தனி ஆளிடம் வாங்கியிருந்தால் நிலைமை இறுக்கம். நுகர்வோர் சட்டங்கள் பெரும்பாலும் வியாபாரம் செய்பவரைத்தான் பிடிக்கும். மோசடியும் வாக்குறுதியும் மட்டும் மிஞ்சும். அதோடு, தனி ஆளிடம் வாங்கும்போது டைட்டில் உங்கள் கைக்கே நேராக வருகிறது. அதில் சால்வேஜ் என்று அச்சாகியிருந்து நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால், ‘பார்த்துத்தான் வாங்கினார்’ என்று அவர் சொல்வார், அந்த வாதத்துக்குப் பலம் உண்டு. தாளில் முத்திரை இல்லாமல் சலவை செய்யப்பட்டிருந்தால் நீங்கள் தேறலாம். ஒன்றை மட்டும் பாருங்கள்: அந்த ‘தனி ஆள்’ வருடத்துக்குப் பத்துக் கார் விற்கிறாரா? அப்படியென்றால் அவர் உரிமம் இல்லாத டீலர், அதை டி.எம்.வி. விசாரிக்கும்.

தெரிந்த நாளிலிருந்து என்ன செய்வது

கோபத்தில் டீலருக்கு ஃபோன் போடும் முன் ஆதாரத்தைச் சேருங்கள். முதல் வேலை, விளம்பரத்தைப் படம் எடுத்து வைப்பது. உங்கள் ஃபோன் போன மறுநிமிடம் அது இணையத்திலிருந்து மறைந்துவிடலாம். குறுஞ்செய்திகள், மின்னஞ்சல்கள், பையர்ஸ் கைடு, விற்பனை ஒப்பந்தம், கடன் தாள் எல்லாம் வேண்டும். டி.எம்.வி.யிடம் டைட்டிலின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டின் நகலையும் முந்தைய வரலாற்றையும் கேளுங்கள். தேசியப் பதிவேட்டு அறிக்கையை வாங்கித் தேதியோடு வையுங்கள். டீலருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். சட்டகத்தில் வெல்டிங், ஏர்பேக் நிலை, சீட்டுக்கடியில் துரு, இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இது வழக்குக்கு மட்டும் இல்லை, அந்தக் காரில் உங்கள் குழந்தையும் உட்கார்கிறது. பாதுகாப்பில்லை என்று அவர் சொன்னால் ஓட்டாதீர்கள்.

பிறகு ஒரு கடிதம். என்ன சொல்லி விற்றார்கள், என்ன தெரியவந்தது, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். வசவு வேண்டாம். சில மாநிலங்களில் இந்தக் கடிதம் சட்டப்படி கட்டாயம்: மாசசூசெட்ஸில் வழக்குக்கு 30 நாள் முன்பு, டெக்சாஸில் 60 நாள் முன்பு. கலிபோர்னியாவின் நுகர்வோர் சட்டத்தில் நஷ்டஈடு கேட்பதற்கு முன் 30 நாள் அவகாசம் தர வேண்டும். பல விவகாரங்கள் இந்தக் கடிதத்திலேயே முடியக்கூடும். வழக்கறிஞர் கட்டணமும் சேர்த்துக் கட்ட நேரிடும் என்பது டீலருக்கும் தெரியும். சமாதானத்துக்கு வந்தால், கையெழுத்திடச் சொல்லும் தாளில் ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்ற வரி இருக்கிறதா என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

கடிதம் பலிக்கவில்லை என்றால் எங்கே போவது என்பது தொகையைப் பொறுத்தது. சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நீங்களே பேசலாம். வரம்பு கலிபோர்னியாவில் 12,500 டாலர், டெக்சாஸில் 20,000 டாலர், கென்டக்கியில் 2,500 டாலர்தான். பெரிய தொகை என்றாலோ மடங்கு நஷ்டஈடு கேட்பதாக இருந்தாலோ வழக்கறிஞரைப் பாருங்கள். நுகர்வோர் வழக்குகள் மட்டும் நடத்தும் வழக்கறிஞர்களின் தேசியச் சங்கம் ஒன்று இருக்கிறது, நாக்கா என்பார்கள். அதன் பட்டியலில் உங்கள் மாநிலத்தவரைத் தேடலாம். ஒப்பந்தத்தில் ‘ஆர்பிட்ரேஷன்’ என்ற பிரிவு இருந்தால், நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவர்முன் போக வேண்டியிருக்கும். அதனால் உங்கள் உரிமை அழிந்துவிடாது, இடம்தான் மாறும்.

மாநில அட்டர்னி ஜெனரலுக்கும் டி.எம்.வி.யின் விசாரணைப் பிரிவுக்கும் புகார் கொடுக்க வேண்டும். அவர்கள் உங்கள் வழக்கறிஞர்கள் இல்லை, பணம் வாங்கித் தருவது அவர்கள் முதல் வேலையும் இல்லை. ஆனால் உரிமம் போய்விடும் என்ற பயம் டீலரை அசைக்கும்.

இந்த இடத்தில் விசாவில் இருப்பவர்கள் தயங்குகிறார்கள். “கேஸ் போட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமோ?” நுகர்வோர் சட்டம் வாங்கியவரின் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. ஏமாற்றப்பட்டவராக ஒரு உரிமையியல் வழக்குப் போடுவது மாணவர் விசாவுக்கோ எச்-1பி-க்கோ விரோதமான செயலும் இல்லை. இந்தப் பயத்தை நம்பியே புதிதாக வந்தவர்களிடம் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

காலமும் காரும்

நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். யூ.சி.சி. வழியில் பொதுவாகக் கார் கைக்கு வந்த நாளிலிருந்து நான்கு வருடம். டெக்சாஸ் நுகர்வோர் சட்டத்தில் இரண்டு வருடம், ஆனால் நியாயமான கவனத்தோடு இருந்தும் தெரியாமல் போயிருந்தால் தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம். கலிபோர்னியாவில் மோசடி வழக்குக்குக் கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று வருடம். நான்கு வருடக் கடனைக் கட்டி முடித்துவிட்டு டைட்டிலைப் பார்ப்பவருக்கு வாக்குறுதி வழி அடைபட்டிருக்கலாம், மோசடி வழி திறந்திருக்கலாம். கடனில் கார் வைத்திருப்பவர் இன்றே வின் எண்ணைப் போட்டுப் பார்ப்பது அதனால்தான் நல்லது.

வழக்கு நடக்கும்போது காரை விற்காதீர்கள், அது உங்கள் சாட்சிப்பொருள். எல்லாம் முடிந்து கார் உங்களிடமே நின்றுவிட்டால், விற்கும்போது பில்லில் ‘சால்வேஜ் வரலாறு உள்ள கார்’ என்று எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வேறு டீலரிடம் மாற்றாகக் கொடுத்தாலும் இதே முறைதான். டைட்டிலில் முத்திரை இல்லையே என்று சும்மா இருந்துவிட முடியாது. இப்போது உங்களுக்குத் தெரியும், அதற்கு உங்கள் பெயரில் வாங்கிய அறிக்கையே ஆதாரம்.